எஸ்டிமேட்டில் மரத்தின் பெயர் இருக்கட்டும்

பாளையம்பட்டியில் என் பட்டறைக்குத் தேக்கும் வேம்பும் மரக்கடையிலிருந்து வரும். பைன் வருவது வேறு வழி. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களைச் சுற்றிய பெட்டியாக இருந்து, பிரித்துக் கட்டுக்கட்டாக நான்குவழிச் சாலையில் லாரி ஏறி வரும்.

"என்ன ஆசாரி, பெட்டி மரத்துலயா அலமாரி?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த இளக்காரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பைனில் சமையலறை அலமாரி செய்து, சுவரை ஒட்டித் தரையோடு நிறுத்தினேன். இரண்டாவது ஐப்பசி மழை முடிந்து, அந்த வீட்டு அக்கா கீழ்த்தட்டைத் துடைத்தபோது விரல் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் அப்படியே இருக்கிறது. உள்ளே முழுக்கக் கரையான் மண். வைரம் பாய்ந்த தேக்கைத் தொடக் கரையான் யோசிக்கும். பைன் அதற்குச் சோறு. கூலி வாங்காமல் வேம்பில் மாற்றிக் கொடுத்தேன்.

பெட்டிப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையும் 'எச்.டி.' என்ற எழுத்தும் இருக்கும். அதைக் காட்டி, "மருந்து ஏத்துன மரம், பூச்சியே வராது" என்று விற்கிறார்கள். மருந்துமில்லை, ஒன்றுமில்லை. நடுமரம் வரை 56 டிகிரி சூடேற்றி 30 நிமிடம் வைத்ததற்கான அடையாளம் அது. கப்பலேறும் முன் உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும். நம்மூர்க் கரையானுக்கு அது தடை போடாது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு பிடித்த பலகை. தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் அதை நான் எடுப்பதில்லை.

இவ்வளவு பட்டும் நான் பைனை விடவில்லை. விலை குறைவு, எடை குறைவு, இழைப்புளிக்குச் சுலபமாக வழிவிடும். கணுவில் பால் கசிந்து பெயிண்டை மஞ்சளாக்கும் என்பதால் முதலில் அரக்கு பாலிஷ் ஒரு கை கொடுக்க வேண்டும். ஓரத்தில் துளை போடாமல் ஸ்க்ரூ முடுக்கினால் பிளந்துவிடும். என் மகள் படிக்கும் மேசை பைன்தான். அழுத்தி எழுதினால் பலகையில் கோடு விழுகிறது. அவள் கணக்குப் பாடம் முழுக்க அதில் இருக்கிறது. புத்தக அலமாரிக்கும் பைன் போதும்: சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, காலுக்கடியில் கல் வைத்தால் நன்றாக உழைக்கும். நிலைக்கும் வாசல் கதவுக்கும் தொட்டித் தண்ணீர் சொட்டும் இடத்துக்கும் வேண்டவே வேண்டாம்.

எனக்கு ஆத்திரமெல்லாம் பைன் மேல் தேக்கு வெனீரை ஒட்டித் தேக்கு விலை வாங்குகிறவர்கள் மேல்தான். எங்கள் தொழிலில் அது நடக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது? எஸ்டிமேட்டில் வெறுமனே 'மரம்' என்றிருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த இடத்துக்கு எந்த மரம் என்று எழுதி வாங்குங்கள். வெனீர் ஒட்டுவதற்கு முன் ஒருநாள் பட்டறைக்கு வந்து பலகையைப் பாருங்கள்.