தொழில் பழகுவதா, எடுபிடி வேலையா?

நம் நாட்டில் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தகப்பனாரைப் பார்த்து, "உங்கள் பிள்ளையை என்ன வேலைக்கு அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் உத்தியோகத்தைச் சொல்லுவாரேயொழிய, பிட்டர் ஆவான், டர்னர் ஆவான், வெல்டர் ஆவான் என்று பெருமையோடு சொல்லுபவர் வெகு அபூர்வம். எண்ணெயும் கரியும் படுகிற வேலை இழிவான வேலை என்பது நம் மக்களின் எண்ணம். உழைக்கிறவன் கீழ்ஜாதி, உட்கார்ந்து தின்கிறவன் மேல்ஜாதி என்று வகுத்த மனுதர்மத்திலிருந்தல்லாமல் இந்த எண்ணம் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

1953 இல் ஆச்சாரியார் மந்திரிசபை, பள்ளிக்கூடத்தில் பாதி நேரம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "தொழில் கற்பது நல்லதுதானே?" என்று அன்றும் கேட்டார்கள். தொழில் கற்பதை யார் வேண்டாமென்றார்கள்? இன்னாருக்கு இன்ன தொழில் என்று பிறப்பு தீர்மானிப்பதைத்தான் வேண்டாமென்றோம். 1954 இல் அத்திட்டம் ஒழிந்தது.

ஆனால் 1950 முதல் நடந்துவரும் ஐ.டி.ஐ. பயிற்சி இதற்கு நேர் எதிரானது. பிட்டர் வகுப்பில் சேரப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பயிற்சி இரண்டு வருஷம். "உன் தகப்பன் கொல்லனா?" என்று அங்கு கேட்பதில்லை. வைஸில் இரும்பைக் கடித்து வைத்து, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சம் தெரியாமல் சமமாக்குவதுதான் முதற்பாடம். மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டுமே தவிர, பிடித்திருக்கிறவன் ஜாதியைக் காட்டாது. ஆணானாலும் பெண்ணானாலும் பழகினவர் கைக்கு அது அடங்கும்.

நிற்க. வகுப்பில் கற்றது போதாது, தொழிற்சாலையிலும் பழகவேண்டும். இதற்காகவே 1961 இல் அப்ரண்டிஸ் சட்டம் செய்யப்பட்டது. முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள், தங்கள் ஆட்கள் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019 இல் விதிகளைத் திருத்தியபோது, படிப்புக்குத் தக்கபடி மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உதவித்தொகை என்று நிர்ணயித்தார்கள். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உரிய அதிகாரியின் அனுமதியின்றி ஓவர்டைம் வேலை வாங்கக்கூடாது. வேலையில் காயம் பட்டால் நஷ்டஈடு உண்டு. கடைசியில் பரீட்சையும் சர்டிபிகேட்டும் உண்டு.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. பட்டறையில் நடப்பதென்ன? சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் நம்மைச் சந்தித்த ஒரு வாலிபர், பத்து மாதமாக ஒரே துளைபோடும் இயந்திரத்தில் ஒரே மாதிரித் துளை போட்டுக்கொண்டிருப்பதாகவும், மற்ற நேரத்தில் டீ வாங்கவும் தரை கூட்டவும் அனுப்புவதாகவும் சொன்னார். லேத் பக்கம் விட்டார்களா என்று கேட்டோம். "ஆயுதபூஜை அன்று சந்தனம் பூச விட்டார்கள்" என்றார்!

தோழர்களே, இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதியல்ல. சந்தனம் பூசினால் லேத் ஓடாது. சாம்பிராணி போட்டால் வாலிபனுக்குத் தொழில் வராது. சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் தொழிலாளியல்ல, பயிற்சி பெறுகிறவன். பயிற்சி முடிந்ததும் அவனுக்கு வேலை கொடுத்தாக வேண்டுமென்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. அப்படியானால் அந்த வருஷத்தின் முடிவில் அவனுக்கு மிச்சமாவது கையில் ஏறிய தொழில் ஒன்றுதான். அதையும் கொடுக்காமல் அனுப்புகிறவர் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தவரே தவிர, தொழில் கற்பித்தவராக மாட்டார். கூலியைப் பிடித்துக்கொண்டால் பிறகாவது கேட்டு வாங்கலாம். பத்தொன்பது வயதில் போன ஒரு வருஷத்தை யாரிடம் கேட்டு வாங்குவது?

"வருகிற பையன்கள் நிலைப்பதில்லை, அவர்களுக்கு எதற்காகக் கற்பிக்க வேண்டும்?" என்று முதலாளிகள் கேட்கக்கூடும். கற்பிக்காத இடத்தில் எவன் நிலைப்பான்? ஜெர்மனியில் அப்ரண்டிஸ் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலையிலும் மற்ற நாள் தொழிற்பள்ளியிலுமாக மூன்று, மூன்றரை வருஷம் பழகுகிறான். அந்தச் செலவை அந்நாட்டு முதலாளி தர்மமாகச் செய்யவில்லை. நல்ல வேலைக்காரன் வேண்டும் என்ற சொந்த லாபத்துக்காகவே செய்கிறான்.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இன்று என்ன கற்றேன் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத ஒன்றுமில்லாத நாட்கள் அதிகமானால், அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு அப்ரண்டிஸ் அதிகாரியிடம் போங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் கையில் படிந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். ஒரு வருஷம் தொழிற்சாலைக்குப் போய்வந்தும் கையில் தொழில் ஏறவில்லையென்றால், அதற்குத்தான் கோபப்பட வேண்டும்.