நமக்கு 40, அவங்களுக்கு 600... மாமல்லபுரம் டிக்கெட்ல ஏன் இந்த வித்தியாசம்?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வாசல்ல இருக்கிற கட்டணப் பலகையை நின்னு படிச்சிருக்கீங்களா? இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டினருக்கு 600 ரூபாய். அந்த ஒரே டிக்கெட்ல ஐந்து ரதத்தையும் பார்த்துடலாம். அதே கல், அதே உப்புக் காத்து... விலை மட்டும் 15 மடங்கு!

ஆனா, எல்லா வெளிநாட்டினருக்கும் 600 கிடையாது. சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக்காரங்களுக்கு நம்ம கட்டணம்தான். அதாவது இலங்கை, நேபாளம், தாய்லாந்துன்னு பக்கத்து நாட்டு பாஸ்போர்ட்டை நீட்டினா 40 ரூபாய்.

சரி, நாம தாய்லாந்து போனா? பாங்காக் அரண்மனையில தாய்லாந்து மக்களுக்கு இலவசம். நமக்கு 500 பாட். அங்கே சில தேசியப் பூங்காக்கள்ல இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. வெளிநாட்டினர் கட்டணத்தை நமக்குத் தெரிஞ்ச எண்கள்ல எழுதிட்டு, உள்ளூர் கட்டணத்தைத் தாய் எண்கள்ல எழுதிவைப்பாங்க. படிக்கத் தெரிஞ்சாதானே சண்டை வரும்? நாம அந்த ட்ரிக்கைப் பண்ண முடியாது பாஸ். 40-ஐ ௪௰-னு எழுதினா நமக்கே புரியாது! இதுல வேடிக்கை என்னன்னா, தாய் எழுத்து பழைய கெமர் எழுத்துல இருந்து வந்தது. கெமருக்கு மூலம் பல்லவ எழுத்து. தர்மராஜ ரதத்துல செதுக்கியிருக்கிற பல்லவ கிரந்தத்துக்கு அது தூரத்துச் சொந்தம்.

ஐரோப்பாவும் இப்போ இந்த ரூட்டுக்கு வந்தாச்சு. பாரிஸ் லூவர் மியூசியத்துல 2026 ஜனவரியில இருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு 32 யூரோ, அவங்க ஆளுங்களுக்கு 22. நம்ம காசுக்கு 3,000 ரூபாயைத் தாண்டுது. அதுக்கு முன்னாடி 600 ஒண்ணும் பெரிய தொகை இல்லை.

உள்ளூர் மக்கள் வரி கட்டுறாங்க, அதனால சலுகைங்கிற வாதமும் நியாயம்தான். ஆனா, அந்த வாதத்தை ஒழுங்கா எடுத்துட்டுப் போனது ஜப்பானோட ஹிமேஜி கோட்டை. 2026 மார்ச்ல இருந்து ஹிமேஜி நகரவாசிகளுக்கு 1,000 யென், மத்த எல்லாருக்கும் 2,500. டோக்கியோல இருந்து வர்ற ஜப்பானியரும் 2,500 கட்டணும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தா, மாமல்லபுரத்துக்காரருக்கு மட்டும்தான் சலுகை. வேளச்சேரியில இருந்து வீக்எண்ட் பைக்ல வர்ற நீங்க முழுக் காசு எடுத்து வைக்கணும். ஓகேவா?

நம்ம முறை பார்க்கிறது வரியை இல்லை, பாஸ்போர்ட்டை. யாழ்ப்பாணத்துல இருக்கிற அக்காவும், போர்க்காலத்துல கனடா போய் அந்த நாட்டுக் குடிமகனாகிட்ட தம்பியும் சேர்ந்து இங்கே வர்றாங்கன்னு வைங்க. அக்காவுக்கு 40. தம்பிக்கு 600. ஓ.சி.ஐ அட்டை இருந்தா இந்தியர் கட்டணம் கிடைக்கும். ஆனா அது இந்திய வம்சாவளிக்கானது, ஈழத்துல பிறந்த பலருக்குக் கிடைக்காது. ரெண்டு பேருமே இங்கே வரி கட்டலை. இந்த 560 ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன பதில் சொல்றது? பிம்ஸ்டெக் ஒப்பந்தத்தை அந்தத் தம்பிக்கு விளக்கிட்டிருக்க முடியாது.

அவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, முதல்ல அர்ச்சுனன் தபசுக்குப் போங்க. ரோட்டோரமா இருக்கு, யாருக்கும் டிக்கெட் கிடையாது. 15 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்களுக்கு, எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும், கடற்கரைக் கோயிலும் ஃப்ரீதான்.