பாசறைக்குள்ளும் சட்டம் வேண்டும்

படையிற் சேரும் இளைஞனுக்கு எத்தகைய பயிற்சி காத்திருக்கின்றது? ஆட்சேர்ப்புச் சுவரொட்டிகள் இதற்கு முழுமையான விடை கூறுவதில்லை. அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமின் வரலாறு கூறுகின்றது.

அங்கே பயிற்சிக் காலம் 13 வாரங்கள். வந்திறங்கியதுமே தலை மழிக்கப்படுகின்றது. அணிநடை, துப்பாக்கிப் பயிற்சி, நீச்சல், சுமை தாங்கிய நெடுநடை என்பன தொடர்கின்றன. இறுதியில், உணவும் நித்திரையும் குறைந்த 54 மணி நேரச் சோதனை. இவற்றில் நாம் குறை காணவில்லை. போர்க்களம் இரக்கங் காட்டாது. அதற்கான பயிற்சியும் இலகுவாக இருத்தல் இயலாது.

ஆனால், கடுமை வேறு, கொடுமை வேறு. 1956 ஏப்ரில் 8ஆந் திகதி இரவு, ஒழுங்கு புகட்டுவதாகக் கருதி, சார்ஜண்ட் ஒருவர் தமது அணியைச் சதுப்பு நிலத்து ஓடையினுள் நடத்திச் சென்றார். ஆறு இளைஞர் மூழ்கி மாண்டனர். இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. எனினும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பின்னர் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பயிற்சியாளரை அதிகாரிகள் நேரிற் கண்காணிக்கும் முறை அதன்பின்னரே வலுப்பெற்றது.

இத்தனைக்கும், கீழ்ப்பட்டவரைக் கொடுமைப்படுத்துதல் குற்றமென விதிக்கும் இராணுவச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவு 1951 முதலே நடைமுறையில் இருந்தது. ஏட்டில் இருந்த சட்டம் ஓடைக்கரைக்கு வந்து சேரவில்லை!

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 2016இல் அதே முகாமில், பயிற்சியாளர் ஒருவரால் அறையப்பட்ட முஸ்லிம் இளைஞர் ஒருவர் மேல்மாடியிலிருந்து வீழ்ந்து உயிரிழந்தார். அதே பயிற்சியாளர் முன்னர் வேறொரு முஸ்லிம் இளைஞரைத் துணி உலர்த்தும் இயந்திரத்துள் அடைத்தமையும் வழக்கில் வெளிவந்தது. 2017இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது, உயிர் மீளவில்லை.

படையிற் சேருபவன் ஆணைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்கிறான். அந்நாட்டுச் சத்தியவாசகமோ, விதிகளுக்கும் சட்டக்கோவைக்கும் அமையவே கீழ்ப்படிவேன் என்கின்றது. அவன் தன் சுதந்திரத்தின் ஒரு பகுதியை ஒப்படைக்கிறான், மானத்தை ஒப்படைக்கவில்லை. சிறுபான்மை இனத்தவனுக்கு இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும். அவனைத் துன்புறுத்துபவனிடமே முறைப்பாட்டையும் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு நீதியாகாது.

ஆகவே, மகனைப் படைக்கு அனுப்பும் பெற்றோர், அவர் எந்நாட்டவராயினும், சம்பளத்தை மட்டும் விசாரித்தல் போதாது. முகாமுக்கு வெளியேயுள்ள ஓர் அதிகாரியிடம் அவன் அச்சமின்றி முறையிட வழியுண்டா என்பதையும் கேட்க வேண்டும். அவ்வழியை வகுத்துக் கொடுக்காத அரசுக்கு அவனுடைய உயிரைக் கேட்கும் உரிமை இல்லை என்பதே நமது துணிபு.