எடை மேடையிலேயே முடிந்த சண்டை

2019 டிசம்பர் 6. சவூதி அரேபியாவின் ரியாத் நகரை ஒட்டிய திரியாவில், மறுநாள் நடக்கவிருந்த சண்டைக்காக உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆண்டி ரூயிஸ் எடை மேடையில் ஏறினார். 128 கிலோ சொச்சம். ஆறு மாதங்களுக்கு முன் நியூயார்க்கில் ஆன்டனி ஜோஷுவாவை வீழ்த்திப் பட்டங்களைப் பறித்தபோது இருந்ததைவிட ஏழு கிலோ கூடுதல். பறிகொடுத்த ஜோஷுவாவோ நாலரை கிலோ இளைத்து, 108 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றார். மணி அடிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது.

முதல் சண்டை ஜூன் 1இல், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. ஜோஷுவாவுடன் மோதியிருக்க வேண்டியவர் ஜாரல் மில்லர். ஊக்கமருந்துச் சோதனையில் அவர் சிக்கிக்கொள்ள, அவசரமாக ஆள் தேடியபோது கிடைத்தவர் ரூயிஸ். ஜோஷுவா ஆறரை அடி உயரம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம், சிலை வடித்தது போன்ற உடம்பு. ரூயிஸ் தொப்பையும் தொளதொளப்புமாக, வழி தவறி மேடை ஏறிவிட்டவர் போலத் தெரிந்தார். மூன்றாவது ரவுண்டில் ஜோஷுவாவின் குத்தில் கீழேயும் விழுந்தார். கதை முடிந்தது என்று நினைத்த ஜோஷுவா, மிச்சத்தையும் முடித்துவிட நெருங்கினார். அங்கேதான் வினை. நெருக்கத்தில் ரூயிஸின் கைகள் மின்னல். பொட்டில் விழுந்த ஒரு இடது ஹுக்கில் ஜோஷுவாவின் கால்கள் தள்ளாடத் தொடங்கின. அந்த ரவுண்டிலேயே இரண்டு முறை விழுந்தார். ஏழாவதில் மேலும் இரண்டு முறை. நடுவர் நிறுத்திவிட்டார்.

திரியாவில் ஜோஷுவா நெருங்கவே இல்லை. நீளமான இடது கையால் தட்டிவிட்டு விலகுவது, மறுபடி தட்டுவது, மறுபடி விலகுவது. பன்னிரண்டு ரவுண்டும் இதே கதை. யாரும் கீழே விழவில்லை. ரத்தம் பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவி. ஆனால் நடுவர்கள் மூவரும் பெரிய வித்தியாசத்தில் ஜோஷுவாவுக்கே மதிப்பெண் போட்டார்கள். மூன்று மாதம் கொண்டாட்டத்திலேயே போய்விட்டது என்று ரூயிஸ் பிறகு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

தின்று கொழுத்தார், தோற்றார் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஜெயித்த அன்றும் அவர் குண்டர்தான். அதே இரண்டு பேர், அதே விதிகள், இடையில் ஆறே மாதம். அதற்குள் முடிவு எப்படித் தலைகீழானது? தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்ற கேள்வி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. ஜெயித்தவனுக்கு அப்படி ஒரு கேள்வியே வருவதில்லை. ஜோஷுவாவின் அவசரத்தால் பாதி, தன் கைவேகத்தால் பாதி என்று கிடைத்த வெற்றியை, முழுக்கத் தன்னுடையது என்று ரூயிஸ் எடுத்துக்கொண்டார். அந்தச் சண்டையிலிருந்து பாடம் படித்தவர் ஜோஷுவா மட்டும்தான்.

இது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தலாம். ஆனால் ஹெவிவெயிட்டில் இது ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மற்ற எடைப் பிரிவுகளில் தராசுதான் எஜமான். 2018இல் போலந்து போய் இறங்கிய மேரி கோம், எடை பார்க்க நான்கே மணி நேரம் இருக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக இருப்பதைக் கண்டு, ஒரு மணி நேரம் கயிறு தாண்டிக் குறைத்தார். இல்லாவிட்டால் மேடையே ஏற முடியாது. ஜெயித்த மிதப்பில் சோம்பிப் போனவரைக்கூடத் தராசு காதைப் பிடித்து இழுத்து வந்துவிடும். ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு இல்லை. 90.7 கிலோவைத் தாண்டிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே தராசு யாரையும் தடுப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களை ஆள் எப்படிக் கழித்தார் என்று ஊருக்குச் சொல்வதோடு சரி.

லெனாக்ஸ் லூயிஸ் விஷயத்திலும் அது சொன்னது. 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் அருகே பிராக்பானில் ஹசீம் ரஹ்மானுடன் சண்டை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம். காற்று மெலிது, மூச்சு வாங்கும். ரஹ்மான் வெகு முன்னாலேயே போய் உடம்பைப் பழக்கிக்கொண்டார். லூயிஸ் ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில் தலை காட்டிவிட்டு, சாவகாசமாக, இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் வந்து சேர்ந்தார். எடை 115 கிலோ. ஐந்தாவது ரவுண்டில் ஒரே ஒரு வலது கைக் குத்து. மல்லாந்துவிட்டார்.

மறுபோட்டி உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதிலிருந்து நழுவப் பார்த்தார் ரஹ்மான். லூயிஸ் நீதிமன்றத்துக்குப் போய் அதை வாங்கினார். நவம்பரில் லாஸ் வேகாஸ். மூன்று கிலோ குறைத்து வந்த லூயிஸ், நான்காவது ரவுண்டிலேயே ரஹ்மானைச் சாய்த்தார். ரஹ்மான் தன் வெற்றியில் உயரமான ஊருக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் எவ்வளவு பங்கு என்று கணக்குப் பார்த்திருந்தால் நழுவ நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூத்த கதை ஜோ லூயிஸ் – மாக்ஸ் ஷ்மெலிங். 1936இல் அமெரிக்கக் கறுப்பின இளைஞர் லூயிஸுக்கு வயது 22, அதுவரை தோல்வியே இல்லை. ஜெர்மானியரான ஷ்மெலிங்குக்கு 30, முன்னாள் சாம்பியன், முடிந்துபோனவர் என்று பேச்சு. ஆனால் லூயிஸின் சண்டை ஒன்றை நேரில் பார்த்த ஷ்மெலிங், ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லித் திரிந்தார். இடது கையால் ஜாப் அடித்துவிட்டுத் திரும்ப இழுக்கும்போது லூயிஸ் கையைத் தாழ்த்திவிடுகிறார். ஒரு கணம் முகம் திறந்து கிடக்கிறது. அந்த ஒரு கணத்தில் வலது கையை இறக்கலாம். லூயிஸோ பயிற்சி முகாமில் கோல்ஃப் மோகத்தில் இருந்தார். ஜூன் 19 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் அந்த வலது கை மறுபடி மறுபடி இறங்கியது. நான்காவது ரவுண்டில் முதல் வீழ்ச்சி, பன்னிரண்டாவதில் நாக் அவுட்.

இரண்டு ஆண்டு கழித்து, 1938 ஜூன் 22இல், அதே மைதானத்தில் மறுபோட்டி. இதற்குள் லூயிஸ் உலக சாம்பியன். ஆனாலும் ஷ்மெலிங்கை ஜெயிக்கும்வரை தன்னை சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள அவர் விரும்பவில்லை. சரித்திரம் எழுதுபவர்கள் இந்தச் சண்டையை ஹிட்லருக்கு எதிரான சண்டையாகவே எழுதுகிறார்கள். அந்தப் பரபரப்பு நிஜம்தான். ஷ்மெலிங் நாஜிக் கட்சி உறுப்பினர் அல்ல, அவருடைய மேலாளரே ஒரு யூதர் என்பதெல்லாம் அன்றைய கூச்சலில் எடுபடவில்லை. ஆனால் இரண்டு தேசங்களின் மானம் முதுகில் ஏறிக்கொண்டதால் மட்டும் யாருடைய இடது கையும் திருந்திவிடாது. அதைத் திருத்தியவர் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன். கூடவே லூயிஸ் இன்னொன்றும் செய்தார். ஷ்மெலிங்கின் பலம் காத்திருப்பது. எதிராளி தவறு செய்யும்வரை பொறுமையாக நிற்பது. அந்த அவகாசத்தையே தருவதில்லை என்று மணி அடித்தவுடன் பாய்ந்தார். விலாப் பக்கம் விழுந்த ஒரு குத்தில் ஷ்மெலிங் வாய்விட்டு அலறினார், முதுகெலும்பில் முறிவு. மூன்று முறை விழுந்தார். மொத்தம் 124 விநாடி. கண்டுபிடித்து வைத்திருந்த அந்த ரகசியத்தைப் பயன்படுத்திப் பார்க்க ஷ்மெலிங்குக்கு வாய்ப்பே வரவில்லை. 32 வயதில் அவரிடம் இருந்தது பழைய லூயிஸுக்கான மருந்து.

எடை குறைந்தால்தான் வெற்றி என்றும் கணக்குப் போட்டுவிட முடியாது. 2018 டிசம்பரில் டியோன்டே வைல்டருடன் டிராவில் முடித்த டைசன் ஃப்யூரி, 2020 பிப்ரவரி மறுபோட்டிக்கு ஏழு கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். பயிற்சியாளரையும் மாற்றியிருந்தார். முதல் சண்டையில் விலகி விலகி ஆடியவர், இந்த முறை அத்தனை எடையையும் வைல்டர் மேல் சாய்த்து, பின்னால் தள்ளிக்கொண்டே போனார். பின்வாங்கிக்கொண்டே அடிக்கத் தெரியாத வைல்டர் ஏழாவது ரவுண்டில் முடிந்தார். ரிங்குக்கு வரும்போது போட்டிருந்த அலங்கார உடை 18 கிலோவுக்கு மேல் இருந்ததால் கால் ஓய்ந்துவிட்டது என்று வைல்டர் விளக்கம் சொன்னது தனிக் கூத்து. ஃப்யூரி ஏற்றிய எடை ஒரு திட்டத்துக்காக. ரூயிஸ் ஏற்றிய எடைக்குப் பின்னால் திட்டம் எதுவும் இல்லை.

ஜெயித்தவரும் மாறினால் என்ன ஆகும் என்பதை அதே ஜோஷுவா அனுபவித்திருக்கிறார். 2021 செப்டம்பரில் லண்டனில் உக்ரைனின் ஒலெக்ஸாண்டர் உசிக்கிடம் பட்டங்களை இழந்தவர், 2022 ஆகஸ்டில் ஜெத்தாவில் முன்னைவிட நன்றாகவே ஆடினார். ஒன்பதாவது ரவுண்டில் உசிக் திணறினார். வேறு யாராக இருந்தாலும் அங்கே சரிந்திருப்பார்கள். பத்தாவதில் உசிக் புதிதாக ஆரம்பிப்பவர் போல எழுந்து வந்து சண்டையைப் பிடுங்கிக்கொண்டார். நாடு போரில் இருந்தது. கொண்டாட அவருக்கு நேரமே இருந்திருக்காது. 2024இல் ஃப்யூரியையும் உசிக் அப்படித்தான் இரண்டு முறை ஜெயித்தார். மே மாதம் நூலிழையில் கிடைத்த வெற்றி, டிசம்பரில் மூன்று நடுவர்களும் ஒரே மாதிரி 116-112 என்று போடும் அளவுக்குத் தெளிவானது.

திரியாவுக்குப் பிறகு ரூயிஸ் பயிற்சியாளரை மாற்றினார். அடுத்து 2021 மே மாதம் கிறிஸ் அரியோலாவுடன் மோத வந்தபோது எடை 116 கிலோ. பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தது. இரண்டாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்தாலும், எழுந்து, பன்னிரண்டு ரவுண்டும் தாக்குப்பிடித்து, புள்ளிகளில் ஜெயித்தார். அன்று அங்கே உலகப் பட்டம் எதுவும் பந்தயத்தில் இல்லை.