ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாமக்கல்லில் ஒருவருக்கு ஜாமீன் உத்தரவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவே அவர் வீடு திரும்பிவிடுவார் என்று கோர்ட்டுப் பக்கம் போகாதவர்கள்தான் நினைப்பார்கள். உத்தரவு நகல் கைக்கு வரவேண்டும். பிணையாளர்கள் இருவர் ஆதார் நகல், புகைப்படம், சொத்துவரி ரசீது அல்லது பட்டாவோடு நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால் அந்த உறவுக்காரரைத் தேடிப்பிடிக்கவேண்டும். மாஜிஸ்திரேட் பிணையை ஏற்றபிறகு, விடுதலை உத்தரவு மாலையில் கைதிகளை அடைப்பதற்கு முன் சிறைக்குப் போய்ச் சேரவேண்டும். நடுவில் சனி, ஞாயிறு வேறு. எல்லாம் கூடிவந்தாலே திங்கள் அல்லது செவ்வாய் ஆகிவிடும். எதுவுமே கூடிவராதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

சிறை என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது 1862இல் தொடங்கிய சேலம் மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வரலாற்றில் அந்தச் சிறையின் பெயர் நிற்பது அந்த ரத்தத்தால். ஆனால் இந்தப் பகுதியில் சாதாரண மனிதர்கள் முதலில் பார்க்கும் சிறை, தாலுகா ஊர்களின் கிளைச் சிறைதான். பழைய சென்னை மாகாணத்தில் அது தாலுகா கச்சேரியை ஒட்டி, தாசில்தார் பொறுப்பில் இருந்தது. இன்று சிறைத்துறையின் கீழ் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்கள். நாடு முழுக்கவும் இதே கதைதான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர்.

சேலம், நாமக்கல் பகுதியில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, விசைத்தறி, சேகோ ஆலை, கொலுசுப் பட்டறை என்று நம் தொழில்கள் பலவும் இடம்பெயர்ந்து வந்தவர்களின் உழைப்பில் நடப்பவை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கோழிப்பண்ணைக்கு வந்த ஓர் இளைஞன் செல்போன் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனால், உள்ளூரில் சொத்துள்ள இருவரை அவன் எங்கே தேடுவான்? ரத்த உறவு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பண்ணை முதலாளி வந்து கையெழுத்துப் போடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1978லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய்ப் பிணை கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பிணையையும் மறுத்தார்கள். அதைக் கடுமையாகக் கண்டித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தொகையைக் குறைத்து, சொந்தப் பிணையில் விடச் சொன்னார். வழக்கறிஞராக இருந்தபோது, 1948இல், ஒரு மாதம் சிறையில் அடைக்கப்பட்டவர் அவர். உள்ளே ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்த நீதிபதி. அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உள்ளூர்ப் பிணையாள் கட்டாயம் என்ற பழக்கத்தைக் கைவிடும்படி 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது.

சீர்திருத்தம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்திருக்கிறது. ஆனால் அத்தனையும் நீண்ட நாள் கைதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆகவே அந்தச் சலுகை ஓராண்டு கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் கிடைக்கும் ஜாமீனுக்கு 60 அல்லது 90 நாள் காத்திருக்கவேண்டும். விசாரணைக் கைதிகளின் நிலையைப் பார்க்கும் மாவட்டக் குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏழைக் கைதிகளின் பிணைக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாள் ஆகியும் வெளியே வராதவரைப் பற்றித்தான் அதில் பேச்சே தொடங்குகிறது. பன்னிரண்டு நாளோ இருபது நாளோ உள்ளே கிடந்து வெளியே வருகிறவரை இவை பெரும்பாலும் தொடுவதில்லை. கிளைச் சிறைக்கு வந்துபோகிறவர்களில் பலரோ அப்படிப்பட்டவர்கள்தான்.

பன்னிரண்டு நாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் பள்ளிபாளையம் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். முன்பணம் வாங்கித் தறி ஓட்டுகிறவர் இரண்டு வாரம் வரவில்லையென்றால் அந்தத் தறியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார், முன்பணக் கடன் மட்டும் உள்ளே போனவர் பெயரிலேயே நிற்கும். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை எந்தச் சிறைக்காகவும் காத்திருக்காது. கொல்லிமலைக்காரர் உள்ளே இருந்தால், அவர் மனைவி மனு போட்டுப் பார்க்க எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டும். அன்றைக்குக் கூலியும் போய்விடும், பேருந்துச் செலவும் ஆகும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. உள்ளே கழித்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும் என்பது நல்ல சட்டம். ஆனால் பிணையாள் கிடைக்காத ஏழைக்கு அது வேறொரு வாசலைத் திறக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களையே தண்டனையாக்கி விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், செய்யாதவரும் தலையாட்டத்தானே செய்வார்? விசாரணை நடக்காமலே தண்டனை முடிந்துவிடுகிறது. அதற்கேற்ற தீர்ப்பு பின்னால் வந்து சேர்கிறது. வெளியே வந்தவர் அன்றுமுதல் ஏட்டில் குற்றவாளி. அடுத்த திருட்டு நடக்கும்போது போலீஸ் தேடும் முதல் வீடு அவருடையது.

இதெல்லாம் தொடங்குவது மாஜிஸ்திரேட் ஒருவரை ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்பும் சில நிமிடங்களில். அந்த நிமிடங்களுக்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் கண்டது. சாத்தான்குளத்தில் அடித்து நொறுக்கப்பட்ட தந்தையும் மகனும் அரசு மருத்துவரின் சான்றையும் மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவையும் கடந்து, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22, 23 தேதிகளில் இருவரும் இறந்துபோனார்கள். மாஜிஸ்திரேட் நின்று பார்த்து, இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சிறைக்கு இன்னொரு வழியும் இருந்தது. நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவர் அதை மீறினார் என்று நிர்வாகத் துறை நடுவரே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பெருநகரங்களில் போலீஸ் துணை ஆணையரே அந்த நடுவராக இருந்தார். புகார் சொன்னதும் சிறைக்கு அனுப்பியதும் ஒரே துறை. சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வரவேற்கவேண்டிய தீர்ப்பு.

இனி, வெளியே வந்தபிறகு. தினமும் காலை 10.30 மணிக்கு, மறு உத்தரவு வரும்வரை, காவல் நிலையத்தில் கையெழுத்திடவேண்டும் என்பது நம் ஜாமீன் உத்தரவுகளில் ஏறக்குறைய அச்சடித்த வாசகம். நாமக்கல்லில் லைன் வண்டி ஓட்டுகிற டிரைவருக்கு அதன் பொருள் வேலை போயிற்று என்பதுதான். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ லோடு ஏற்றிப் போகிறவர் தினமும் எப்படி ஸ்டேஷனுக்கு வருவார்? நிபந்தனையைத் தளர்த்த மறுபடி மனு, மறுபடி வக்கீல் கட்டணம். அதற்குள் வண்டிக்கு வேறு டிரைவர் வந்துவிடுவார்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பணப் பிணை முறையையே ஒழித்துவிட்டது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால், ஒரு வாரத்துக்குள் பிணை தரமுடியாதவரை ஏழை என்று கொண்டு சொந்தப் பிணையில் விடவேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மற்ற குற்றங்களிலும் பிணைத்தொகை அளவு மீறக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் அன்றே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் யார், என்ன தொழில், பிணை தர ஆள் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டு, பதிலை உத்தரவிலேயே எழுதட்டும். ஜாமீன் கிடைத்து மூன்றாம் நாளும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைக் கிளைச் சிறைக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாவட்ட நீதிபதிக்கு அனுப்பட்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் இதைத் தொடங்கப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. இரு மாவட்ட நீதிபதிகளின் ஒரு சுற்றறிக்கை போதும்.