சொல்லும் பொருளும்: ஸ்பிரிட்

ஆங்கில பாஷையிலிருந்து நம் வீடுகளுக்குள் நுழைந்து, கதவைத் தட்டாமலே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட சொற்கள் பல உண்டு. அவற்றுள் ‘ஸ்பிரிட்’ என்பது மிகவும் விசித்திரமானது. ஊசி போடுமுன் கையில் பஞ்சால் தடவுகிறார்களே, அது ஸ்பிரிட். தச்சர் மேஜைக்கு மெருகேற்ற அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில். பள்ளிக்கூடத்து ரசாயன அறையில் நீலச் சுடர் விடுவது ஸ்பிரிட் விளக்கு. ஐந்து கோல் வாங்கித் தோற்றுத் திரும்பிய பிள்ளைகளை வாத்தியார் தட்டிக்கொடுத்து, “தோற்றால் என்ன? ஸ்பிரிட்டை விடவில்லையே!” என்கிறார். பழைய பங்களாவில் ஸ்பிரிட் நடமாடுகிறது என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கோர்ட்டிலே வக்கீல், சட்டத்தின் எழுத்தைப் பாராமல் அதன் ஸ்பிரிட்டைப் பார்க்கவேண்டும் என்று வாதிக்கிறார். பெரும்பாலும் எழுத்து அவருடைய கட்சிக்காரருக்கு விரோதமாயிருக்கும் நாட்களில்!

மருந்து, மெருகு, ஊக்கம், பேய், உட்கருத்து ஆகிய இத்தனையும் ஒரு சொல்லுக்குள் எப்படி அடங்கின? லத்தீன் பாஷையில் ‘ஸ்பிரிதுஸ்’ என்றால் மூச்சு. அவ்வளவுதான். உள்ளே மூச்சு இழுப்பது ‘இன்ஸ்பிரேஷன்’. கவிகளுக்கு வருவதாகச் சொல்லப்படுவது. மூச்சு வெளியே போய்விடுவது ‘எக்ஸ்பயரி’. மருந்துப் பட்டையின் மேல் அச்சடித்திருப்பது. பலர் கூடி ஒரே மூச்சாக நிற்பது ‘கான்ஸ்பிரஸி’, அதாவது சதி. 1929-ஆம் ஆண்டு மீரத் சதி வழக்கில் தொழிலாளர் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிய அந்நிய சர்க்கார், பதவியல் சாஸ்திரப்படி பார்த்தால், அவர்கள் சேர்ந்து மூச்சு விட்டதையே குற்றமாக்கிற்று எனலாம்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழிலும் உயிர்ப்பு என்றால் மூச்சு, அதிலிருந்தே உயிர். ‘ஆவி’ என்னும் சொல்லையோ கேட்கவே வேண்டாம். இட்லிப் பானையிலிருந்து கிளம்புவதும் ஆவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி, புளியமரத்தில் குடியிருப்பதாகச் சொல்லப்படுவதும் ஆவி. ஆங்கிலச் சொல்லுக்கு அச்சில் வார்த்தாற்போல் ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. கிறிஸ்தவர்கள் ‘பரிசுத்த ஆவி’ என்று வழங்குவது அதனால்தான். கத்தோலிக்கர்களின் பழைய ஜபங்களிலோ போர்த்துகீசிய வழியாக வந்த ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற வழக்கு இருந்தது. ஆகவே இந்தச் சொல் இங்கிலீஷ்காரன் மூலமாகத்தான் நமக்கு வந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

மதுவுக்கு இந்தப் பெயர் வந்ததும் ஆவியினால்தான். புளித்த சாற்றை வாலையிலிட்டுக் காய்ச்சினால், அதிலிருந்து ஆவி எழும்பி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக வடிகிறது. ரசவாதிகள் அதைப் பொருளின் உயிர் என்று கருதினார்கள். நம் சித்த வைத்தியர்கள் அதே முறையில் ஓமத்தை வடித்தெடுத்துத் ‘தீநீர்’ என்றார்கள்; உயிரென்று சொல்லவில்லை, தீயில் பிறந்த நீர் என்றார்கள். நமக்கென்னவோ தீநீரே நேர்மையான பெயராகப் படுகிறது. இன்னொரு வேடிக்கை: கொத்தனார் சுவரின் மட்டம் பார்க்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிட் லெவல்’ என்று பெயர், கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட்டை அடைத்திருப்பதால். நம் கொத்தனார்கள் அதை ‘ரசமட்டம்’ என்று அழகாக மாற்றிக்கொண்டார்கள்.

இதுவரை விளையாட்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் கள்ளக்குறிச்சியில் இந்தச் சொல்லை யாரும் விளையாட்டாக உச்சரிப்பதில்லை.

அந்த மாதம் 18-ஆம் தேதியும் அதை அடுத்த நாட்களிலும் நகரத்துக் கருணாபுரத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் ஏழைகள், பாக்கெட்டுகளில் விற்ற கள்ளச் சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி நிரம்பி, சேலம், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களுக்கு அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெண்களும் அவர்களில் உண்டு. ஜில்லாக் கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதம் சென்னை ஹைக்கோர்ட் வழக்கை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

பத்திரிகைகளிலும் டீக்கடைகளிலும் அப்பொழுது அடிபட்ட வாசகம், “சாராயத்தில் ஸ்பிரிட் கலந்துவிட்டார்கள்” என்பது. இங்கேதான் நேயர்கள் சற்று நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாராயமே ஸ்பிரிட் அல்லவா? ஸ்பிரிட்டில் ஸ்பிரிட்டைக் கலந்தால் மனிதர்கள் ஏன் சாகவேண்டும்? ஒரு பெயருக்குப் பின்னால் இரண்டு பொருள்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன என்பதே விடை. ஒன்று எத்தனால், மற்றது மெத்தனால்.

எத்தனால் என்பது கள்ளிலும் சாராயத்திலும் சீமைச் சரக்கிலும் உள்ளது. கரும்பு ஆலையின் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தாலும் கிடைக்கும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நடக்கும் ஜில்லாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது கெடுக்கும், குடியைக் கெடுக்கும், ஈரலைக் கெடுக்கும், ஆனால் மெதுவாக. மெத்தனாலின் கதை வேறு. 1661-இல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி மரக்கட்டையைச் சூடாக்கி வடித்து இதைப் பிரித்தெடுத்தார். அவரும் அதற்கு ‘ஸ்பிரிட்’ என்றே பெயர் வைத்தார். 1834-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் கிரேக்க மொழியிலிருந்து இதற்கு ஒரு பெயரைப் படைத்தார்கள். அந்தப் பெயரில் முன்பாதியாக நிற்கும் ‘மெது’ என்ற கிரேக்கச் சொல்லும் நம்முடைய ‘மது’வும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை, பின்பாதிக்கு மரம் என்று அர்த்தம். மரமது! இக்காலத்தில் மரத்திலிருந்து யாரும் எடுப்பதில்லை. பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பெரிய தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். பெயின்ட், பிசின், மருந்துத் தொழில்களுக்கு இது மிகவும் வேண்டிய சரக்கு. விலையும் மலிவு, வரியும் குறைவு.

பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலிருக்கும். வாசனை ஏறத்தாழ ஒன்றே. நாக்கினால் பிரித்தறிய முடியாது. ஒன்று 78 டிகிரியில் கொதிக்கும், மற்றது 65 டிகிரியில் கொதிக்கும் என்பது ரசாயன சாலைக்கு உதவும்; பாக்கெட்டைக் கையில் வாங்குகிறவனுக்கு உதவாது. வேற்றுமை தெரிவது உடலுக்குள்ளே. ஈரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அதே அமிலம். இது ரத்தத்தைப் புளிப்பாக்கி, கண்ணின் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. ‘ஆல்கஹால்’ என்ற சொல் கண்ணுக்கிடும் மையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை இந்த இடத்தில் நினைக்கும்போது மனம் கசக்கிறது.

இந்த விஷத்தின் பெருங் கொடுமை அதன் தாமதம். குடித்தவுடன் சாதாரணப் போதைதான். பாதி நாள், சில சமயம் ஒரு நாள் வரையில் கூட, ஒன்றும் தெரியாது. அதற்குள் மற்றவர்களும் அதே சரக்கை வாங்கிக் குடித்துவிடுகிறார்கள். கருணாபுரத்தில் முதல் சாவுகளின் காரணத்தை ஒப்புக்கொள்ள அதிகாரிகள் தயங்கியதால் மற்றவர்கள் எச்சரிக்கை அடையவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது இதனால்தான்.

ஒரே பெயரில் இரண்டும் நடமாடத் தொடங்கியதற்கு நம்முடைய அறியாமை மட்டும் காரணமல்ல. 1855-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு யோசனை செய்தது. மதுவுக்கு உள்ள கனமான வரியைத் தொழிற்சாலைகளும் செலுத்தவேண்டுமா? வேண்டாம், ஆனால் வரியில்லாத ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடவும் கூடாது. ஆகவே நல்ல ஸ்பிரிட்டில் மெத்தனால் நிறைந்த மரச்சாற்றைக் கலந்து ‘மெதிலேட்டட் ஸ்பிரிட்’ என்று விற்க அனுமதித்தார்கள். வரியைக் காப்பாற்ற விஷம்! அமெரிக்காவில் மதுவிலக்கு அமுலில் இருந்த 1920-களிலும் இதே உபாயத்தைக் கையாண்டார்கள்; அதைத் தெரிந்தும் தெரியாமலும் குடித்து மாண்டவர்கள் பலர். நம் ராஜ்யத்திலும் 1959-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளின் தலைப்பிலேயே, குடிக்கத் தகாததாக்கிய ஸ்பிரிட், மெதில் ஆல்கஹால், வார்னிஷ் என்று மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறது. வார்னிஷைக்கூடச் சட்டம் போட்டுக் காக்கவேண்டி வந்ததே என்று சிரிக்கத் தோன்றலாம். மேஜைக்குப் பூசுவதையும் ஜனங்கள் குடித்தார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். சட்டம் பிரித்து வைத்ததைப் பேச்சு மறுபடியும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. பீப்பாய் ஆலையிலிருந்து மாயமாய் மறைந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘ஸ்பிரிட்’ என்ற சொல்லை வினைச்சொல்லாக்கிப் பேசுவார்கள். அந்தப் பிரயோகத்தை நம் ஊர்க் கள்ளச் சரக்கு வியாபாரிகள் இலக்கணம் படிக்காமலே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கருணாபுரத்துச் செய்தி வந்ததும் பலருடைய விரல் கல்வராயன் மலையைச் சுட்டியது. மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்துச் சாராயம் காய்ச்சுவது நெடுநாள் வழக்கம்; போலீசார் ஊறலைக் கொட்டி அழிப்பதும் நெடுநாள் வழக்கம். அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் வெல்லப் பானையிலிருந்து அத்தனை பேரைக் கொல்லும் மெத்தனால் பிறக்காது. அது ஆலையிலிருந்து பீப்பாயில் வருவது. மலையிலிருந்து இறங்கியதல்ல, சமவெளியிலிருந்து ஏறிவந்தது. மலையாளிகள் என்று வழங்கும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் அந்த மலைமேல் இந்தப் பழி அநியாயமாக விழுந்தது.

ஒரு வகையில் நன்மையும் விளைந்தது. 2024-இல் சென்னை ஹைக்கோர்ட் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. மூன்று ஜாகீர்தார்களின் ஆதீனத்தில் இருந்த அந்த மலைகள் 1976-இல்தான் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தன. தேசம் விடுதலை அடைந்து இருபத்தொன்பது வருஷங்கள் கழித்து! சுதந்திரத்தின் எழுத்து 1947-இல் அங்கே எட்டியிருக்கலாம். அதன் ஸ்பிரிட் வெள்ளிமலை ஏறுவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று நேயர்களே கணக்கிடலாம்.

இந்த மலைத்தொடரின் மேற்குப் பாகம் சேலத்தைச் சேர்ந்தது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி, இந்நாட்டில் மதுவிலக்கை முதன் முதலில் தொடங்கத் தேர்ந்தெடுத்தது அந்தச் சேலம் ஜில்லாவைத்தான். வருமான நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி போட்டார். இன்று நாம் சாமான் வாங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கும் வரிக்கு முன்னோடி அதுவே. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் போயிற்று, திரும்பி வந்தது, 1981-இல் மறுபடியும் போயிற்று. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளைச் சர்க்காரே நடத்துகிறது. கடை மூடியிருந்தபோதும் கள்ளச் சாராயம் இருந்தது, திறந்திருக்கும்போதும் இருக்கிறது என்பதைப் பார்த்து, மதுவிலக்கால் பயனில்லை என்று ஒரு கட்சியார் முடிவு கட்டுகிறார்கள். நமக்கு அது சம்மதமில்லை. சர்க்கார் கடைச் சீசாவை வாங்கக் காசில்லாதவன்தான் பாக்கெட்டை வாங்கினான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்திருக்கிறார்கள். எழுத்து கடுமையாகிவிட்டது.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனிமேல் இத்தகைய செய்தி எழுத நேர்ந்தால் ‘ஸ்பிரிட்’ என்று எழுதாமல் மெத்தனால் என்றே எழுதுங்கள். ஜனங்களுக்கு விளங்காது என்ற கவலை வேண்டாம். கள்ளக்குறிச்சியில் இன்று அந்தச் சொல் தெரியாத குழந்தை இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கடையில் ‘ஸ்பிரிட்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கவேண்டாம். புண் துடைக்கவா, மெருகு போடவா, அடுப்பு மூட்டவா என்று சொல்லி, சீசாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். ஷர்பத் சீசாவிலோ தண்ணீர்ப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குடித்த ஒருவர், அது முந்தின நாள் குடித்ததாகவே இருந்தாலும், கண் மங்குகிறது, எங்கும் மூடுபனி போல் தெரிகிறது என்றால், மோரும் எலுமிச்சம்பழமும் கொடுத்துப் படுக்கவைப்பதில் பயனில்லை. அந்த அமிலத்தை முறிக்கவும், ரத்தத்தைச் சுத்திகரிக்கவும், ஈரலின் வேலையைத் தடுத்து நிறுத்தும் மாற்று மருந்து கொடுக்கவும் ஆஸ்பத்திரியில்தான் முடியும். போலீஸுக்குப் பயந்தும் ஊருக்கு வெட்கப்பட்டும் மறைக்காமல், என்ன குடித்தார், எப்பொழுது குடித்தார், கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பதை டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும். கூடக் குடித்தவர்களையும் அப்பொழுதே அழைத்து வந்துவிட வேண்டும், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும்.