கிர்கிஸ்தான்: அரசு விலகிய இடத்தில் பெருகிய நாடாப்புழு

சோவியத் ஒன்றியம் 1991 ஆம் ஆண்டு கலைந்தபோது மத்திய ஆசியாவில் கொடிகள் மாறின, நாணயங்கள் மாறின, எல்லைகள் புதிய பொருள் பெற்றன. அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் அந்நாடுகளின் அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் பதிவாயிற்று.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவினால் உடலுக்குள் உண்டாகும் நீர்க்கட்டிகளுக்காக அறுவைச் சிகிச்சை பெற்றோர், கிர்கிஸ்தானில் 1991 இல் ஒரு லட்சம் மக்களுக்கு 5.4 பேர். 2000 ஆம் ஆண்டில் இவ்விகிதம் 18 ஆக உயர்ந்தது. ஆனால் 1990களின் நடுப்பகுதிக்குள் அந்நாட்டின் செம்மறி ஆடுகளின் எண்ணிக்கை சுமார் 1 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கும் கீழாகச் சரிந்திருந்தது. ஆடுகள் குறைந்தன, ஆடுகளால் பரவும் நோயோ மும்மடங்காயிற்று.

நோயறியும் வசதிகள் மேம்பட்டதே எண்ணிக்கை உயரக் காரணம் என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் அது பொதுச் சுகாதாரத்துக்கான நிதி சுருங்கிப்போன காலம். எனவே விளக்கத்தை வேறிடத்திலும் தேடவேண்டியுள்ளது.

நாயும் ஆடும் மனிதனும்

சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்துடன் வெளியேறும் முட்டைகள் புல்லில் படிந்து மேயும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன. அங்கிருந்து ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அறுத்த ஆட்டின் கழிவு உறுப்புகளை நாய் தின்றால் சுழற்சி முழுமையடைகிறது.

மனிதன் இதில் தற்செயலாகச் சிக்குபவன். நாயைத் தொட்ட கையாலோ, மாசுபட்ட நீராலோ முட்டைகள் அவனது உடலுக்குள் செல்கின்றன. கட்டி அறிகுறியின்றிப் பல ஆண்டுகள் வளரும். உள்ளே வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

சோவியத் ஆட்சியில் ஆடுகள் பெரும்பாலும் கூட்டுப் பண்ணைகளுக்கும் அரசுப் பண்ணைகளுக்கும் உரியவை. கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் கொல்களங்களில் அறுக்கப்பட்டன. நாய்களுக்குப் புழுநீக்க மருந்து தரப்பட்டது. பண்ணைகள் கலைக்கப்பட்டதும் மந்தைகள் குடும்பங்களிடையே பிரிந்தன. பெரிய கொல்களங்கள் மூடப்பட, ஆடுகள் வீட்டு முற்றத்தில் அறுபட்டன. கழிவு நாய்களுக்குப் போயிற்று.

ஒரு புழுவா, பல புழுக்களா?

நீண்ட காலம் இப்புழு ஒரே இனமாகக் கருதப்பட்டது. 1990களின் தொடக்கத்தில், உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அதற்குள் பல வகைகள் இருப்பதைக் கண்டனர். ஜி1 முதல் ஜி10 வரை எண்ணிடப்பட்ட அவ்வகைகள் இன்று பல தனி இனங்களாகவே பிரித்துப் பேசப்படுகின்றன. செம்மறி, குதிரை, மாடு, ஒட்டகம் என ஒவ்வொன்றும் தனக்கேற்ற விலங்கைச் சார்ந்தது. ஆப்பிரிக்காவில் சிங்கத்தில் வாழும் இனமும் உண்டு.

இந்த வேறுபாடு ஆய்வுக்கூடத்துடன் முடிந்துவிடுவதில்லை. உலகளவில் மரபணு வகை கண்டறியப்பட்ட மனித நோயாளிகளில் சுமார் 88 விழுக்காட்டினரிடம் செம்மறியைச் சார்ந்த இனமே காணப்பட்டது. ஒட்டகம், பன்றி ஆகியவற்றைச் சார்ந்த வகைகள் சுமார் 11 விழுக்காடு. குதிரை வகை மனிதரைத் தாக்குவது மிக அரிது. கிர்கிஸ்தானின் நாய்களிலோ செம்மறி, குதிரை, ஒட்டக வகைகள் மூன்றுமே கண்டறியப்பட்டுள்ளன. நாயிடம் புழு இருக்கிறது என்று அறிவது மட்டும் போதாது. எந்தப் புழு என்று அறிந்தால்தான் எந்த விலங்கிடம் சுழற்சியை அறுப்பது என்பது தெளிவாகும்.

தடுப்பூசியிலும் இதே கேள்வி எழுகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ஈஜி95 தடுப்பூசி செம்மறி வகையின் புரதத்தை அடிப்படையாகக் கொண்டது. செம்மறிகளுக்கு அது மிகச் சிறந்த பாதுகாப்பைத் தருகிறது. ஒட்டக வகையில் அதற்கு இணையான மரபணு கணிசமாக வேறுபடுவதால், அங்கும் அதே பலன் கிட்டும் என்று சோதிக்காமல் கூறிவிட முடியாது.

யார் செலவிடுவது?

குட்டிகளுக்குத் தடுப்பூசி, நாய்களுக்கு மருந்து, முதிர்ந்த ஆடுகளை நீக்குதல் ஆகிய மூன்றையும் இணைத்தால் பத்தாண்டுகளுக்குள் நோயை ஒழிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால் தடை எங்கே?

நோயுற்ற நாய் நலமாகவே தோன்றும். கட்டியுள்ள ஆடும் சந்தையில் ஏறத்தாழ அதே விலைக்குப் போகும். மேய்ப்பர் தம் நாய்க்கு மருந்து வாங்கினால் பயன் பெறுவதில் பெரும்பங்கு அயலாரின் பிள்ளைகளுக்கு. அயலார் வாங்காவிட்டால் ஆபத்து இவர் வீட்டுக்கு. தனிமனிதர் ஒவ்வொருவரும் தத்தம் இலாபத்தைக் கணக்கிடும் சந்தையில் இந்நோய்க்கு மருந்தில்லை. கால்நடை மருத்துவம் தனியாரிடம் சென்றபோது கைவிடப்பட்டது இந்தப் பொது நன்மையே.

இதற்கு மாறான வரலாறு ஐஸ்லாந்தினுடையது. 1863 இல் அங்கு சென்ற டென்மார்க் ஆய்வாளர் ஹரால்ட் கிராபே, சோதித்த நாய்களில் கால்பங்குக்கும் மேலானவற்றில் இப்புழுவைக் கண்டார். நோயை விளக்கும் சிறுநூல் வீடுதோறும் சென்றது; பின்னர் நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் தொடங்கிய அம்முயற்சி 20 ஆம் நூற்றாண்டில் நோயை முற்றாக ஒழித்தது.

கிர்கிஸ்தானின் தெற்கே ஆலை பள்ளத்தாக்கில் 2012 இல் நாய்களுக்கு மருந்தூட்டும் திட்டம் ஒன்று தொடங்கியது. அத்தகைய திட்டங்களின் பலன் உடனே தெரியாது. கட்டி மெல்ல வளர்வதால், இன்று அறுவைச் சிகிச்சைக்கு வருபவரின் உடலில் முட்டை நுழைந்தது பல ஆண்டுகளுக்கு முன்பாக இருக்கலாம். தேர்தல் காலத்தையும் நன்கொடையாளரின் நிதியாண்டையும் கடந்து, மலைக் கிராமங்களுக்குத் தவறாமல் மருந்தை அனுப்பும் அரசு அமைகிறதா என்பதே அங்குள்ள மேய்ப்பர்களின் பிள்ளைகளுக்கு முன்னுள்ள கேள்வி.